எள்ளும் தண்ணியும்

கரட்டுமேட்டு மடத்துல ஒரு சாமி இருந்தாரு. பேசுறது கம்மி, சிரிக்கிறது ஜாஸ்தி. அவருக்கு அம்பலவாணன்னு ஒரு சீடரு. சிரிக்கிறதுன்னா இந்தச் சீடருக்கு கைக்காசு செலவாகுற மாதிரி.

படிக்க வழியில்லாத புள்ளைங்களுக்கு மடத்துலேர்ந்து காலேஜ் பீஸ் கட்டுவாங்க. யாருக்குக் கட்டலாம், யாருக்கு வேணாம்னு பாக்குறது அம்பலவாணன் பொறுப்பு. அவரு போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அப்பன் இல்லாத புள்ளைக்குத்தான் ஸ்காலர்ஷிப்பு.

அப்பன் இருக்கான்னு சொல்லிட்டா போச்சு. "குத்துக்கல்லாட்டம் அப்பன் இருக்கான்ல? அவனக் கட்டச் சொல்லு" அப்படின்னுவாரு. பக்கத்துல ஒரு டப்பா இருக்கும். அம்பலவாணனோட அப்பா கோயில்பட்டியிலேர்ந்து குடுத்து விட்ட கடலை மிட்டாய். ஒருத்தர அனுப்புனதும் ஒண்ணு எடுத்துக் கடிச்சுக்குவாரு.

மார்க் சீட்டப் பாப்பாரு, மனுசனப் பாக்க மாட்டாரு. குனிஞ்ச தலை நிமிராம அவரு ஒக்காந்திருக்கத பாத்தா, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால ஒக்கார வச்ச புள்ள மாதிரி இருக்கும். வாயத் தொறந்தாத்தான் மாமியாருன்னு தெரியும்.

ஒரு அமாவாசை காலையில அம்பலவாணன் சாமிகிட்ட போனாரு.

"சாமி, ஏமாத்துறவன எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சாமி வேப்பங்குச்சியில பல்லு தேச்சுக்கிட்டிருந்தாரு.

"கண்டுபிடிச்சு?"

"வெரட்டிரலாம்."

"எங்க?"

அம்பலவாணனுக்கு அத யோசிச்சுப் பழக்கமில்ல. சாமி வாயக் கொப்புளிச்சுத் துப்புனாரு.

"பொழுது கெடக்கு. பாப்போம்" அப்படின்னாரு.

அம்பலவாணனுக்கு அந்தக் கவலை வந்ததுக்குக் காரணம் இருக்கு. செத்ததுக்குப் பேப்பரு கேட்டு ஒரு புள்ளையையும் ஆபீசு ஆபீசா அலைய விடக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டாரு. அப்ப எவன் நெசம், எவன் பொய்?

அதுக்கு அவரே ஒரு வழி வச்சிருந்தாரு. அப்பன் இல்லாத புள்ளைங்க பாவம், ஐயருக்குக் குடுக்கக் காசிருக்காது, அதனால அமாவாசைக்கு மடத்துக் குளத்துலயே எள்ளும் தண்ணியும் விட்டுட்டுப் போகட்டும்னு சாமி எப்பவோ ஆரம்பிச்ச வழக்கம் ஒண்ணு உண்டு. சாமி அத சோறு போடுற மாதிரி செஞ்சாரு. அம்பலவாணன் அத எலிப்பொறியா மாத்திட்டாரு. அப்பன் உசிரோட இருக்கறவன் எள்ளத் தொடுவானா? கை நடுங்கிரும்ல. நடுங்குனா ஆளு மாட்டுனான்.

அன்னைக்கு வரிசையில ஒரு பய வந்தான். கூட ஒருத்தரு.

"பேரு?"

"இசக்கிராஜா."

"என்ன படிப்பு?"

"மாட்டு டாக்டருக்குங்க சாமி. எடம் கெடச்சிருச்சு. திங்கக்கெழமைக்குள்ள பணம் கட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அம்பலவாணன் மார்க் சீட்டப் பாத்தாரு. குத்தம் சொல்ல எடமில்ல. அதுல அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"அப்பா?"

பய வாயத் தொறந்தான். காத்துதான் வந்துச்சு.

"இல்ல சாமி" ன்னாரு கூட வந்தவரு.

"நீரு யாரு வே?"

"தாய்மாமன் சாமி. பேரு சுடலை."

"அம்மா வரலியா?"

"அவளுக்கு... மேலுக்குச் சொகமில்ல."

அம்பலவாணன் நிமிரல. தூணுல சாஞ்சு ஒக்காந்திருந்த சாமிதான் பாத்தாரு. தாய்மாமன் கையெல்லாம் செங்கல்லு சொமந்து காப்பு காச்சுக் கெடந்துச்சு. மூக்குக்குக் கீழ மட்டும் வெள்ளையா ஒரு பட்டை. சாமிக்குப் புரிஞ்சுது, நேத்து வரைக்கும் அங்க ஒரு மீசை குடியிருந்திருக்கு.

"எப்படிச் செத்தாரு?" ன்னாரு அம்பலவாணன்.

"நெஞ்சு வலி" ன்னான் பய.

"லாரி" ன்னாரு மாமன்.

ரெண்டும் ஒண்ணா வந்து விழுந்துச்சு.

"லாரியப் பாத்ததும் நெஞ்சு வலி வந்திருக்கும்" ன்னாரு சாமி. "எழுதிக்க அம்பலம்."

"எப்ப?"

"ஆச்சு சாமி, ரெண்டு வருசம்."

சாமிக்கு வாய் சும்மா இருக்கல. "எப்படிப்பட்ட மனுசன் வே?"

மாமன் தரையப் பாத்தாரு. செத்துப்போனவனப் பத்திப் பேசுறப்ப நாலு வார்த்தை நல்லதா சொல்றதுதான் உலக வழக்கம். இவரு ரொம்ப நேரம் தேடுனாரு.

"பெரிசா ஒண்ணுமில்ல சாமி. சூளையில கல்லு சொமந்தான். கெட்டவன் இல்ல. சாமர்த்தியம் பத்தாது."

"குடிப்பானோ?"

"முந்தி. இப்ப விட்டாச்சு."

"எப்ப விட்டான்?"

"போன மாசம் சாமி."

பய அவரு கால மிதிச்சான். லேட்டு.

"செத்து ரெண்டு வருசம் கழிச்சு குடிய விட்டிருக்கான்" ன்னாரு சாமி. "உசிரோட இருக்கற பயலுவளுக்கே முடியல. பெரிய வைராக்கியம்தான்."

வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. மாமனுக்குக் கழுத்து வரைக்கும் ரத்தம் ஏறிருச்சு. பய சர்டிபிகேட் கவர எடுத்து மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்கிட்டான். அதுவோ கண்ணாடிக் கவரு. அவன் கண்ணுல தண்ணி நிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சுது.

சாமியும் பாத்தாரு. அதுக்கப்புறம் அவரு சிரிக்கல.

"இதோட விட்ருவோம் அம்பலம்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல சாமி" ன்னாரு அம்பலவாணன். உள்ளுக்குள்ள அவருக்கு ஒரே கொண்டாட்டம். "திதி குடுக்கட்டும். அப்பன் ஆத்மா சாந்தியடையட்டும்."

குளத்துப் படியில மடத்து ஐயரு ஒக்காந்திருந்தாரு. பய வேட்டியக் கட்டிக்கிட்டு எறங்குனான். வெரலுல தர்ப்பை மாட்டி விட்டாங்க. உள்ளங்கையில எள்ளு வச்சாங்க.

"அப்பா பேரச் சொல்லு."

"சொரிமுத்து."

மேல்படியில நின்ன மாமன் தன்னையறியாம ஒரு அடி முன்னால வந்துட்டு நின்னாரு. பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்ட மாதிரி.

"கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவால தண்ணி எறங்கணும். விடு" ன்னாரு ஐயரு.

பய விடல.

"என்னல, கை வர மாட்டேங்கா?"

பய அசையல. மேல அம்பலவாணன் ஒரு கடலை மிட்டாய எடுத்து வச்சுக்கிட்டு நின்னாரு. கடிக்கிற நேரத்துக்குக் காத்திருந்தாரு.

மாமன் ரெண்டு படி எறங்குனாரு. கொரல எறக்கித்தான் பேசுனாரு. ஆனா குளத்தங்கரையில ரகசியம் தங்காது, தண்ணி எடுத்துக் குடுத்துரும்.

"விடுய்யா."

"முடியல."

"தண்ணிதான. விடு ராசா."

"முடியலங்கேன்."

"திங்கக்கெழம பணம் கட்டணும்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கண்ண மூடிக்கிட்டு விட்ரு."

பய உள்ளங்கைய இறுக மூடிக்கிட்டான்.

"எனக்குப் படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" ன்னான்.

படித்துறை முழுக்கக் கேட்டுச்சு அந்த அப்பா.

அம்பலவாணன் படியில தடதடன்னு எறங்குனாரு.

"பாத்தீங்களா சாமி? எள்ளு பேசிருச்சா? ஏன் வே, வெக்கமா இல்ல ஒமக்கு? முழுசா நின்னுக்கிட்டு செத்துட்டேன்னு சொல்லுதீரே! பெத்த அப்பன மாமன்னு சொல்லக் கேட்டுக்கிட்டு நிக்கான் இந்தப் பய!"

சொரிமுத்து துண்டைக் கக்கத்துல எடுத்து வச்சாரு.

"வெக்கமாத்தான் இருக்கு சாமி. இல்லன்னு சொல்லல."

"பெறகு?"

"போன அமாவாசைக்கும் வந்தோம். நீங்க பாத்திருக்க மாட்டிய. அப்ப எனக்கு மீசை இருந்துச்சு. குத்துக்கல்லாட்டம் அப்பன் இருக்கான்ல, அவனக் கட்டச் சொல்லுன்னு சொன்னிய."

அம்பலவாணன் தூக்கிப் பிடிச்சிருந்த மிட்டாயக் கீழ எறக்குனாரு.

"நீங்க சொன்னதும் தப்பில்ல. வேற எடமெல்லாம் போயி நின்னோம். ஒரு எடத்துல பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும்னாங்க. ஒரு எடத்துல அவுங்க சாதிக்கு மட்டும். ஒரு எடத்துல இந்த ஊருலயே பொறந்திருக்கணும்னாங்க. பேங்குல நெலப் பத்திரம் கேட்டாங்க. எதையாச்சும் மாத்த முடியுமான்னு நானும் யோசிச்சுப் பாத்தேன் சாமி. பயலப் பொண்ணா மாத்த முடியாது. சாதிய மாத்த முடியாது. நான் செத்துப்போறது மட்டுந்தான் என் கையில இருந்துச்சு."

ஐயரு சொம்பக் கீழ வச்சுட்டாரு.

"இவுங்க அம்மாவத்தான் கூட அனுப்பியிருக்கணும். நெத்திப் பொட்ட அழிக்க மாட்டேன்னுட்டா. அதான் நானே வந்தேன்."

சொரிமுத்து பேசிட்டு மீசைய முறுக்கப் போனாரு. அங்க ஒண்ணுமில்ல. கைய எறக்கிக்கிட்டாரு.

அம்பலவாணன் எப்பவுமே தலைய நிமிர்த்துறதில்ல. அன்னைக்குத்தான் நிமிர்த்திப் பாக்கணும்னு தோணுச்சு. அன்னைக்குப் பாத்து முடியல. அவரு கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் நாலு காலு. அப்பன் காலுல செருப்பு இல்ல. மகன் காலுல அப்பன் செருப்பு இருந்துச்சு. ரெண்டு வெரலு பெருசு.

ஆனா சட்டம் போட்ட மனுசன் இல்லையா, லேசுல விடுவாரா.

"இருந்தாலும் பொய் பொய்தான சாமி?" ன்னாரு. கொரலு பாதிதான் வந்துச்சு.

சாமி மெதுவா படியில எறங்குனாரு. பய கையப் பிடிச்சு ஒவ்வொரு வெரலா விரிச்சாரு. எள்ளு வேர்வையில ஒட்டியிருந்துச்சு. வழிச்சு எடுத்தாரு.

"அம்பலம், கைய நீட்டு."

அம்பலவாணன் நீட்டப் போனாரு. கையில கடலை மிட்டாய் இருந்துச்சு. என்ன செய்யறதுன்னு தெரியாம மத்த கைக்கு மாத்திக்கிட்டு நீட்டுனாரு. சாமி எள்ள அவரு உள்ளங்கையில வச்சாரு. சொம்ப எடுத்தாரு.

"பேரச் சொல்லி விடு."

"எனக்கு அப்பா இருக்காங்க சாமி."

"தெரியும். மிட்டாய் நல்லாத்தான் இருக்கு. விடு."

"சாமி..."

"தண்ணிதான."

அம்பலவாணன் தண்ணியப் பாத்தாரு. எள்ளப் பாத்தாரு. இன்னொரு கையில இருந்த மிட்டாயப் பாத்தாரு. கோயில்பட்டியில ஒரு கெழவரு பல்லில்லாத வாயால, எம்மவனுக்கு ஒடையாம குடுத்துருப்பான்னு பஸ்காரங்கிட்ட சொல்லியனுப்புன மிட்டாய்.

கை நடுங்குச்சு. எள்ளோட சேத்து இறுக மூடிக்கிட்டாரு.

"முடியல சாமி."

சாமி சொம்ப ஐயருகிட்ட குடுத்துட்டாரு.

"வே சொரிமுத்து, மீசை வளர எத்தன நாளாகும்?"

"அது... வளந்துரும் சாமி."

"வளந்ததும் ஒருக்கா வந்து காட்டிட்டுப் போரும். திங்கக்கெழம அம்பலம் பணத்த எடுத்துக்கிட்டு ஒங்ககூட காலேஜுக்கு வருவான். அங்க யாராச்சும் நீரு யாருன்னு கேட்டா, அப்பன்னு சத்தமா சொல்லும். இவன் காதுல விழணும்."

சொரிமுத்து கும்பிட்டாரு. அழுக வந்துரும்னு தெரிஞ்சு வேகமா படி ஏறுனாரு. பய சர்டிபிகேட் கவர நெஞ்சுல அணைச்சுக்கிட்டு பின்னாலயே ஓடுனான். அந்தப் பெரிய செருப்பு படியெல்லாம் டப்பு டப்புன்னு அடிச்சுது.

படித்துறையில ஆளு கொறஞ்சுது. அம்பலவாணன் அதே எடத்துல நின்னாரு.

"அந்தப் பயல எதுக்குக் குளத்துக்கு அனுப்புன அம்பலம்?"

"திதி குடுக்க சாமி."

"திதி குடுக்கவா?"



சாமி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல ஏறுனாரு. கடைசிப் படியில நின்னு திரும்புனாரு.

"ஏமாத்துறவன எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு காலையில கேட்டியே."

"ஆமா சாமி."

"கண்டுபிடிச்சிட்டியா?"

அம்பலவாணன் மூடுன கையத் தொறக்கவே இல்ல.