நாலு ஓலையும் ஒரு முறுக்கு உரலும்

மருதங்காட்டை ஆண்ட தென்னவராயர் நல்ல ராஜாதான். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. அரண்மனையில் யார் வேலை கேட்டு வந்தாலும் தகுதி ஓலை தரவேண்டும். பெயர் என்ன, ஊர் என்ன, என்ன வேலை தெரியும், எங்கே எத்தனை வருஷம் பார்த்தார், எல்லாம் அதில் இருக்கணும்.

அது ஒரே ஓலையோடு போயிருந்தால் பரவாயில்லை. ராஜாவுக்குப் பொறுமை குறைச்சல், அதனால் அவருக்கு விரல் நீளத்தில் ஒரு ஓலை நறுக்கு. மந்திரிக்கு எல்லாம் விலாவாரியாக வேணும், ஏழு ஏடு. சேனாதிபதிக்கு எழுத்து வராது, அவருக்குத் துணியில் படம். ராணியம்மாவுக்குப் பாட்டு. இந்த நாலு விதத்தையும் எழுதித் தருகிறவர் அரண்மனை எழுத்துவேலை பார்க்கிற ஓலைநாயகம் விருத்தாசலம் ஒருத்தர்தான். ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து கேள்வி கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாசம் இழுப்பார்.

அந்தச் சமயம் பார்த்து மடைப்பள்ளித் தலைமை காலியானது. சத்திரத்தில் பதினோரு வருஷமாகச் சமைக்கிற தையல்நாயகி அந்த வேலையைக் கேட்டாள். கைக்குழந்தைக்காரி, புருஷன் இல்லை. சத்திரத்தையும் சீக்கிரம் மூடப் போகிறார்கள். இது கிடைக்காவிட்டால் அவள் ஊரைவிட்டே போகவேண்டியதுதான். ஆனால் விருத்தாசலத்தின் மைத்துனனுக்கும் அதே வேலை மேல் கண். அதனால் மூணு மாசமாகியும் அவளுக்கு ராஜாவின் நறுக்குகூட எழுதி முடியவில்லை. மைத்துனனுக்கோ நாலும் தயார்.

விருந்தாளிகள் வரப்போகிறார்கள், ராஜாவால் காத்திருக்க முடியவில்லை. நாளை உச்சிப்பொழுதுக்குள் தையல்நாயகியின் நாலு ஓலையும் வரவேண்டும், வராவிட்டால் மைத்துனனுக்கே வேலை என்று சொல்லிவிட்டார்.

சபையில் ஏகாம்பரம் என்று ஒருத்தர் இருந்தார். ராஜாவுக்குச் சிரிப்பு வரவைப்பதும், சில சமயம் புத்தி வரவைப்பதும் அவர் வேலை. "நாலையும் நான் கொண்டுவர்றேன் ராஜா" என்று அவர் வாய் முந்திக்கொண்டது. வெளியே வந்த பிறகுதான் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தார்.

நேரே சத்திரத்துக்குப் போனார். தையல்நாயகி இடுப்பில் குழந்தையோடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். முதலில் முள்ளுமுறுக்கு. அச்சை மாற்றினாள், தேன்குழல் வந்தது. மறுபடி மாற்றினாள், பட்டையாக நாடா விழுந்தது.

ஒவ்வொன்றுக்கும் தனி மாவா என்று கேட்டார் ஏகாம்பரம்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "மாவு ஒண்ணுதாங்கய்யா. அச்சுதான் வேற."

ஏகாம்பரம் கையிலிருந்த முறுக்கைக் கடிக்கவும் மறந்துபோனார். அங்கேயே உட்கார்ந்து அவளிடம் பத்தே கேள்வி கேட்டு, பத்து வரி எழுதிக்கொண்டார். அது மாவு. வீட்டுக்குப் போய் நாலு அச்சு செய்தார். பெயருக்கும் ஊருக்கும் இடம் விட்டு ஒரு நறுக்கு. இடம் விட்டு ஏழு ஏடு. ஆள் உருவம் மட்டும் கரியால் வரைந்த ஒரு துணி. நடுநடுவே சொல்லுக்கு இடம் விட்டு ஒரு தாலாட்டு.

மறுநாள் காலை சபைக்கு முறுக்கு உரலோடுதான் வந்தார். அது எதற்கு என்று ராஜா கேட்டார். பழக்கம் என்றார் ஏகாம்பரம். பத்து வரியை முன்னால் வைத்து, உரலைத் தட்டி, "பிழி" என்றார். எழுத்தாணியை எடுத்து அந்த வரிகளைப் பார்த்து எழுத, நறுக்கில் இடம் நிரம்பியது. மறுபடி "பிழி." ஏழு ஏடும் நிரம்பின. துணியில் இருந்த உருவத்தின் கையில் கரண்டி வந்தது, பக்கத்தில் பதினோரு கோடு விழுந்தது. கடைசியாக அவரே கட்டைக்குரலில் பாட்டைப் பாடினார். ராணியம்மா காதைப் பொத்திக்கொண்டாலும், ஒரு விவரமும் விட்டுப்போகவில்லை என்று ஒப்புக்கொண்டார். உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது.

விருத்தாசலம் எழுந்தார். இதெல்லாம் முன்னாலேயே ஒத்திகை பார்த்து வந்த வேலை, வேறு ஆளுக்கு இங்கேயே செய்து காட்டட்டும் என்றார்.

"சரி, உம்ம விவரத்தையே போட்டுப் பிழியட்டும்" என்றார் ராஜா.

விருத்தாசலம் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நாலு ஓலையும் பெட்டியிலிருந்து வந்தன. ஏகாம்பரம் நாலையும் பரப்பிவைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். எதைப் போடுவது என்று தெரியவில்லை என்றார்.

ஏன் என்றார் ராஜா.

"விரோதிங்கிற அந்த ஒரு வருஷத்தை மட்டும் பாருங்க ராஜா. உங்க நறுக்கில் இவர் காஞ்சியில் பாடசாலை நடத்துறார். மந்திரி ஏட்டில் அதே வருஷம் மதுரையில் நியாய சாஸ்திரம் படிக்கிறார். சேனாதிபதி துணியில் குதிரைமேல் வாளோடு நிற்கிறார். ராணியம்மா பாட்டில் காசிக்குக் கால்நடையாப் போறார். வேலைக்கு வந்தது நாலு பேர். இப்போ நம்ம முன்னால் நிற்கிறது யாருன்னு தெரிஞ்சா, அவரைப் பிழிஞ்சிடலாம்."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜாவுக்கு மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

"எல்லைக்காவலுக்கு ஆள் வேணும். அந்தக் குதிரைக்காரர் போகட்டும்" என்றார்.

விருத்தாசலம் காலில் விழுந்துவிட்டார். குதிரைமேல் ஏறியதே இல்லை, அது சேனாதிபதி மனம் குளிர வரைந்தது என்று அழுதார்.

ஏகாம்பரம் மெல்லச் சொன்னார்: "பாவம், விடுங்க ராஜா. காசிக்கு நடந்தவரை அனுப்புங்க. அவருக்குக் குதிரையே வேண்டாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. விருத்தாசலம் அன்றைக்கே எல்லைக்கு நடந்தார். மடைப்பள்ளிச் சாவி தையல்நாயகியின் இடுப்புக்கு வந்தது, குழந்தைக்குப் பக்கத்தில். உனக்கு என்ன வேணும் என்று ராஜா ஏகாம்பரத்தைக் கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய முறுக்கு.