எருமை உத்தரவு போட்ட டீக்கடை

சொந்தத் தொழில் தொடங்க ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும். ஓலைக்குளத்துச் சடையாண்டி, வெயிலுமுத்து, உமையணன் மூவருக்கும் ஒரே காரணம்தான்: செங்கல் சூளை மேஸ்திரி. மண்ணைக் குழை, கல்லைத் தூக்கு என்று பொழுதெல்லாம் ஏவிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கடுப்பு வராது?

வேலையை உதறிவிட்டு நேரே அய்யனார் கோவிலுக்குப் போனார்கள். இனிமேல் எந்த மனுசன் ஏவினாலும் கேட்பதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பஸ் நிறுத்தத்தில் டீக்கடையும் திறந்தார்கள். சுறுசுறுப்பான பயல்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

சடையாண்டி பெண்டாட்டி மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள். கடை படுத்தால் அவன் மாமனார் வீட்டில் போய் எருமை மேய்க்க வேண்டும். ஏவுவதில் மாமனார் அந்த மேஸ்திரிக்கே மேஸ்திரி.

முதல் ஆளாக ஒரு லாரி டிரைவர் வந்து, "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுங்க" என்றார்.

"ஏவுறாரேப்பா" என்றான் வெயிலுமுத்து.

"மரியாதையாத்தான் ஏவுறாரு" என்றான் உமையணன்.

"மரியாதையா ஏவினாலும் ஏவல்தானே? சத்தியத்தை மீறினா கண்ணு அவிஞ்சிரும்" என்றான் சடையாண்டி.

டிரைவர் எழுந்து போய்விட்டார். இவர்கள் டீ போட நினைத்தாலும் முடியாது. அடுப்பைப் பற்றவைக்கும்படி உமையணன் காலையில் வாய்தவறிச் சொல்லித் தொலைத்ததால், மற்ற இருவரும் அதைத் தொட வழியில்லை. அவனே பற்றவைக்கலாம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை.

கடை ஓடாத சேதி கேட்டு மாமனார் கறவை எருமையோடு வந்து, கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். சத்தியத்தை நினைத்துச் சடையாண்டி கையைக் கட்டிக்கொண்டான். அவர் கடைத் தூணில் எருமையைக் கட்டிவிட்டு, மகளிடம் முறையிடப் போனார். சடையாண்டி அழுதே விட்டான்.

அப்போது எருமை அடித்தொண்டையில் கத்தியது.

உமையணன் யோசித்தான். "இது மனுசன் இல்லையே. இது ஏவினா செய்யலாம்ல?"

சட்டென்று அடுப்பு எரிந்தது. அன்றிலிருந்து எருமைதான் கடை முதலாளி. டீ வேண்டுகிறவர் அதன் காதில் சொல்வார், அது கத்தும், இவர்கள் டீ போடுவார்கள். வேடிக்கை பார்க்கவே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்தது. கடை அமோகமாக ஓடியது, மாமனாரும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு குறைதான். எத்தனை பேர் கேட்டும் பாலில்லாத டீதான் வந்தது. மடி கனத்து நிற்கும் எருமையைக் காட்டி, பாலுக்கா பஞ்சம் என்று அந்த லாரி டிரைவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

சடையாண்டி பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, காதுல விழுந்துரப் போகுது. முதலாளியைப் போய் யாராவது கறப்பாங்களா?"