அரங்கேற்றத்துக்கு வாங்கிய மாத்திரை

சென்னிமலைப் பக்கம் ஓர் ஊரில் பழனாத்தாள் என்றொரு வள்ளிக்கும்மி ஆசிரியை இருந்தார். வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஆடக் கற்ற இருநூறு பெண்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பெண்டு நிமிர்த்திவிடுவார்.

சீடர்களில் ராமாத்தாள் தனி ரகம். வயது நாற்பத்தொன்பது. பகலெல்லாம் போர்வை தைக்கும் கம்பெனியில் மிஷின் மிதித்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். முழங்கால் நறநறக்கும். மார்கழிக் குளிரிலும் திடீரென்று உடம்பில் அனல் கிளம்பி முதுகு நனைந்துபோகும். ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, 'நல்லாத்தான இருக்கறேன்' என்ற தைரியத்தில் அலமாரியிலேயே கிடந்தது. ஆனால் மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட மேடை ஏறாத மனுஷிக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் அரங்கேற்றம். பச்சைச் சேலையைத் தினம் ஒரு தரம் எடுத்துப் பார்த்து மடித்து வைப்பார்.

ஒரே பயம்தான். ஒரு வருடமாக மாதவிலக்கு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு மாதம் காணாமல் போகும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வந்து ஆளை உருக்கிவிடும். அரங்கேற்றத்தன்று வந்துவிட்டால் கோயில் நுழைவு வளைவைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, அந்த ஊர் வழக்கம் அப்படி. அதனால் மருந்துக்கடையில் நாள் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பித்தார். டாக்டரைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ஒரு சுற்று வந்து திரும்பும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை அவிழ்ந்து, மாத்திரை அட்டை வெளியே விழுந்தது. ஆசிரியை எடுத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா போடறீங்கக்கா?"

"ஒம்பது நாளுங்க."

ஆசிரியை தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்தார். இதே மாத்திரை யாரிடம் இருந்தாலும் இதில் போட்டுவிடலாம், பேர் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

 துண்டில் அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. திரும்பிப் பார்த்தால் பத்தொன்பது அட்டை. மருமகள் போட்டதைப் பார்த்து மாமியாரும், மாமியார் போட்டதைப் பார்த்து மருமகளும் திகைத்து நிற்க, கூட்டமே கொல்லென்று சிரித்தது. ஆசிரியை தன் பையைத் துழாவி, இன்னொன்றை எடுத்துப் போட்டு இருபதாக்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை இரண்டு வேன் பிடித்து, மாத்திரை போட்ட அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ராமாத்தாளுக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபது, ரத்தமும் கம்மி. இந்த வயதில், இவ்வளவு கொதிப்பை வைத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் இதைப் போட்டு எங்காவது ரத்தம் கட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்தார். இதை இன்றோடு நிறுத்தவேண்டும், கொதிப்பு மாத்திரையை இன்றே தொடங்கவேண்டும், திங்களன்று ஸ்கேனுக்கு வரவேண்டும். ஆடுவது? நாளை மறுபடி அளந்து பார்த்து, இறங்கியிருந்தால் ஒரே ஒரு பாட்டு.

வேனில் திரும்பும்போது ராமாத்தாள் கேட்டார்.

"நிறுத்துனா ரண்டு நாள்ல வந்துருமாமுங்க. நாளைக்கு வந்துட்டா நான் எங்கீங்க நிக்கறது?"

ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். 

வீட்டில் இன்னும் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது. ராமாத்தாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.  கடைசியில் சாக்கடையில் வீசினார்.

ஞாயிறு காலை அளந்து பார்த்ததில் அழுத்தம் இறங்கியிருந்தது. மத்தியானம், எது வரக்கூடாது என்று வேண்டினாரோ அது வந்தது.

சாயங்காலம் பம்பையும் உறுமியும் ஊரையே அதிரவைத்தன. கோயிலுக்கு மதில் கிடையாது. எல்லை என்றால் ரோட்டோரம் நிற்கும் அந்த வளைவுதான். பச்சைச் சேலை கட்டி, சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, ராமாத்தாள் வளைவுக்கு வெளியே ரோட்டில் நின்றார். பக்கத்தில் அவரைப்போல இன்னும் மூன்று பேர். உள்ளே வட்டம் கட்டிவிட்டார்கள். நாலு இடம் காலி.

ஆசிரியை காலி இடத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் ரண்டடி பின்னால போங்க."

போனார்கள்.

"இன்னும் ரண்டடி."

போனார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோயில் கமிட்டிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஆசிரியை விடவில்லை. இன்னும் இன்னும் என்று வட்டம் பெருத்துக்கொண்டே போனது. பந்தலைத் தாண்டியது. பானகக் குடங்களைத் தாண்டியது. வட்டம் ரோட்டுக்குப் போகிறதே என்று கமிட்டித் தலைவர் கேட்டார். ஆள் அதிகம், இடம் பத்தவில்லை என்று ஆசிரியை பணிவாகச் சொன்னார். வட்டத்தின் ஒரு ஓரம் வளைவின் இரண்டு பக்கமும் வழிந்து ரோட்டில் ஏறி நின்றது. டவுன் பஸ் ஒன்று வந்து நின்றுவிட, டிரைவர் இறங்கி வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

அந்த நாலு காலி இடமும் இப்போது சரியாக ராமாத்தாளின் முன்னால் இருந்தது. மற்ற மூவரும் சட்டென்று போய் நின்றுகொண்டார்கள். ராமாத்தாள் மட்டும் வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆசிரியையே நடந்து வந்து, குனிந்து, அவர் காலில் சலங்கையைக் கட்டி, கையைப் பிடித்து இடத்தில் நிறுத்தினார். பம்பை மறுபடி கிளம்பியது.

ராமாத்தாள் கேட்டார்.

"ஆசிரியரம்மா, நான் இப்ப கோயிலுக்கு உள்ள நிக்கறனுங்களா, வெளிய நிக்கறனுங்களா?"

"வட்டத்துல நிக்கறீங்கக்கா. கையத் தட்டுங்க."