எந்தப் பக்கம் முகம்

மலைச்சரிவில் இருந்த அந்த ஆசிரமத்தில், உடல் அசைவிழந்தவர்களைப் பேணுவதே தவம். தாமாகப் புரள இயலாதவர்களை முறை வைத்துப் புரட்டிப் படுக்க வைப்பார்கள். முறை முடிந்து எழுபவர், நோயாளியின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அடுத்து வருபவரிடம் சொல்லாமல் அறையை விட்டு வெளியேறக் கூடாது.

மருதவாணர் வழக்குரைஞர் தொழிலைத் துறந்து வந்தவர். குருவான ஞானாம்பிகை அம்மையாரைவிட வயதில் மூத்தவர். பணியில் குறை வைத்ததில்லை. ஆனால் எவர் முனகினாலும் தம் நெஞ்சு கல்லாகவே கிடக்கிறதே என்ற எண்ணம் அவரை அரித்தது.

அன்று காலை, சோலைக்குள் தேடிப்போய்ப் போதைக் காளானைத் தின்றார். மாலையில் அம்மையாரின் முன் வந்து நின்றபோது கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா, கல் கரைந்துவிட்டது. நண்பகல் முதல் என் முறை; பொன்னுரங்கத்தின் கையைப் பற்றிக்கொண்டு அழுதேன். அவருடைய வலி என் எலும்பில் ஓடியது. அவர் வேறு, நான் வேறு என்பதே இல்லாமல் போயிற்று. இங்கே பணி செய்யும் எல்லோருக்கும் இதைக் கொடுக்க அனுமதி தாருங்கள்."

அம்மையார் விளக்குக்குத் திரி இட்டுக்கொண்டிருந்தார்.

"பொன்னுரங்கத்தின் முகம் இப்போது எந்தப் பக்கம்?"

மருதவாணர் புன்னகைத்தார். "எல்லாப் பக்கமும் அவர் முகம்தான், அம்மா."

அம்மையார் திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மருதவாணரை அழைத்துக்கொண்டு நோயாளியின் அறைக்குப் போனார்.

பொன்னுரங்கம் சுவரைப் பார்த்துக் கிடந்தார். மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"வாங்கம்மா. வக்கீலய்யா நல்லா அழுதாரு. எங்கப்பன் செத்தப்போ நான்கூட அப்படி அழலை."

"உங்கள் வலியைத் தாமும் உணர்ந்ததாகச் சொல்கிறார்."

"வலியா? கழுத்துக்குக் கீழே கொள்ளி வச்சாலும் எனக்குத் தெரியாதேம்மா! தாகம்தான் எடுத்துச்சு."

"கேட்டிருக்கலாமே" என்றார் மருதவாணர்.

"அழுதுக்கிட்டு இருக்கற மனுஷன்கிட்ட எப்படிய்யா கேக்கறது? எழவு வீட்ல காப்பி கேட்ட மாதிரி ஆயிடாது?"

அம்மையார் குவளையை அவர் வாயில் வைத்தார். பொன்னுரங்கம் மூச்சு விடாமல் குடித்தார்.

பிறகு இருவருமாக அவரைச் சன்னல் பக்கம் புரட்டினார்கள். அழுந்திக் கிடந்த இடுப்பில் தோல் கறுத்து, நடுவே ஈரம் கசிந்தது. மருதவாணர் அதைப் பார்த்தார். இப்போது அழுகை வரவில்லை. மருந்தை எடுத்துவந்து, புண்ணைத் துடைத்துக் கட்டினார்.

கட்டி முடித்த பின்பே கேட்டார்:

"அப்படியானால் நான் கண்டது பொய்யா, அம்மா?"

"பொய் என்று நான் சொல்லவில்லையே."

"இன்னொரு முறை அதை உண்ணலாமா?"

அம்மையார் வெற்றுக் குவளையை அவர் கையில் கொடுத்தார்.

"உண்ணுங்கள். அதற்கு முன், தாகம் எடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்."