தவிட்டுக்குருவிகளின் கலகலப்பு

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகளைப் போல வாயடங்கிய இனம் காட்டில் வேறில்லை. அக்கா தங்கைகள் ஏழு பேரும் ஒரே புதரில் இருந்தாலும் சிறு சத்தம் கேட்காது. வல்லூறு சுற்றும் காட்டில் பேசாதிருந்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிச் சொல்லி, மூத்தவள் சாம்பி தங்கைகளை அப்படி வளர்த்திருந்தாள். இரண்டாமவள் காரி அவள் சொல்லைத் தட்டியதே இல்லை.

ஒரு கோடையில் காடு தீப்பிடித்தது. எல்லோரும் தப்பினார்கள். கடைக்குட்டி பொடிச்சிக்கு மட்டும் அனலில் கண் போய்விட்டது. அதன்பிறகு சாம்பியின் சிறகை உரசிக்கொண்டேதான் அவள் இரை தேடப் போவாள்.

ஒருநாள் எரிந்த வெளியில் கரையான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வல்லூற்றின் நிழல் விழுந்தது. பழகியபடி எல்லோரும் ஓசையில்லாமல் காரைப் புதருக்குள் பாய்ந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் பொடிச்சி இல்லை என்பதைப் பார்த்தார்கள். அவள் வெட்டவெளியில் நின்று தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"அக்கா, எந்தப் பக்கம்?"

காரி புதரின் விளிம்புவரை வந்தாள். கூப்பிட்டால் வல்லூறு இங்கே திரும்பும். அவள் தயங்கி நிற்கையிலேயே சாம்பி வெளியே போய், கரிந்த கட்டை ஒன்றின் மேல் ஏறி நின்றாள்.

"இங்கே வா பொடிச்சி. என் குரலைப் பிடித்துக்கொண்டு வா."

பொடிச்சி தத்தித் தத்தி வந்தாள். பாதி வழியில் சாம்பியின் குரல் அறுந்தது. வல்லூறு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பொடிச்சி திகைத்து நின்றுவிட்டாள். அப்போதுதான் காரி வாய் திறந்தாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் கூப்பிட்டார்கள். அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டு பொடிச்சி புதருக்குள் வந்து சேர்ந்தாள்.

"பெரியக்கா எங்கே?" என்று கேட்டாள்.

குரல் ஒன்று குறைவதை அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எதையெதையோ பேசினார்கள். பெரியக்காவும் அந்தக் குரல்களுக்குள் இருப்பதாக அவள் நம்பினாளா என்று காரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. சற்று நேரத்தில் பொடிச்சியும் அவர்களோடு சேர்ந்து பேசத் தொடங்கினாள்.

அந்த வழியாக விறகு சுமந்து போன பெண்கள் நின்று கேட்டு, எவ்வளவு சந்தோஷமாக இருக்கின்றன என்றார்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கலகலவென்று இரைந்துகொண்டே திரிவதும், நாலு பேர் கூடிப் பேசுகிற வீட்டைக் கலகலப்பான வீடு என்று நாம் சொல்வதும்.