அவித்த மண்

அந்த மலைக்குடிலில் குரு வயதில் சின்னவர்; சீடர்தான் பெரியவர். குரு அங்கயற்கண்ணிக்கு முப்பத்தைந்து இருக்கும். சீடர் திருமேனி, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிநீரில் அவித்துச் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

சென்ற மழையில் குடிலுக்குக் கீழே மரங்கள் போய் மொட்டையாகக் கிடந்த சரிவில் மண் சரிந்து, அடிவாரத்து வீடுகளின் வாசல்வரை சேறு வந்துவிட்டது. அந்தச் சரிவில் நடுவதற்கு, மேலேயுள்ள சோலைக்காட்டின் மரக் கன்றுகளை வளர்க்கும் பொறுப்பைத் திருமேனி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கன்றுகள் முளைத்தன. சாண் உயரம்கூட எட்டாமல் மஞ்சளடித்து நின்றன. அடுத்த மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கைராசி இல்லை, அம்மா. வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

"கை இருக்கட்டும். மண்ணை என்ன பண்ணீங்க?"

"இட்லிக் குண்டான்ல நல்லா அவிச்சு, ஆறவச்சுத்தான் நாற்றுப் பையில நிரப்பினேன். ஒரு கிருமி இருக்காது."

"அதான் இட்லியில மண்வாசனையா?" குரு வாய்விட்டுச் சிரித்தார். "சோலைக்குள்ள அந்தப் பெரிய நாவல் மரத்தடியில ஒரு கூடை மண் அள்ளிட்டு வாங்க."

திருமேனி போய் அள்ளினார். மட்கிய இலை, புழு, நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. இதையா கன்றுக்குப் போடுவது? மனசு கேட்கவில்லை. சல்லடையில் சலித்து, மாவு மாதிரி கொண்டுவந்து வைத்தார்.

"சல்லடையில நின்னதெல்லாம் எங்கே?"

"வேலியோரம் கொட்டிட்டேன்."

"இந்த மாவை நீங்களே வச்சுக்கங்க, டாக்டரய்யா. அந்தக் குப்பையைக் கொண்டாங்க. உயிர் அதுலதான் இருக்கு."

ஒவ்வொரு பையிலும் வேரோரமாக ஒரு பிடி புதைத்தார்கள். திருமேனிக்குக் கை கூசியது.

சில கன்றுகள் செத்துத்தான் போயின. மற்றவை மெல்லக் கரும்பச்சையாகத் துளிர்விட்டன.

முதல் மழை விழுந்ததும் சரிவுக்குப் போனார்கள். திருமேனி ஒரு பையைக் கிழித்தார். மண் உதிரவில்லை. உதறிப் பார்த்தார். வேரோடு வேராக வெள்ளை நூல்கள் ஓடி மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தன. அப்படியே குழியில் இறக்கினார்.

கடைசிக் கன்றையும் நட்டு நிமிர்ந்தபோது அடிவாரத்து ஓடுகள் தெரிந்தன. சென்ற மழையின் சேறு நினைவுக்கு வந்தது.

"இவ்வளவு பெரிய சரிவு. இத்தனூண்டு கன்று. காடு திரும்பி வருமா, அம்மா?"

குரு குனிந்து கன்றைச் சுற்றி மண்ணை அழுத்தினார்.

"மண்ணுக்குள்ள வந்தாச்சு, ஐயா. வெளியே வரத்தான் கொஞ்சம் நாளாகும்."