தீர்த்தமாடிய ராஜாவும் குரைத்த நாய்களும்

செம்மலைக்கோட்டை ராஜா மல்லப்பருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று ஜவ்வாது. காலையில் ஒரு அப்பு, மாலையில் ஒரு அப்பு. அவர் வருவது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று வேங்கை, சூறை என்ற அவருடைய இரண்டு வேட்டை நாய்கள். பெற்ற பிள்ளைகளைக்கூட மனிதர் அப்படிக் கொஞ்சியதில்லை.

அவருடைய அவையில் பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். கூர்மையான புத்திக்காரர்தான். ஆனால் அவருடைய வாய் எப்போதும் புத்திக்கு நாலடி முன்னால் ஓடும்.

ஒருநாள் ராஜா அறிவித்தார். "நான் ராமேசுவரம் போகிறேன். பாவத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வருகிறேன். அதுவரை என் செல்லங்களை யார் பார்த்துக்கொள்வது?"

அவையே தலையைக் குனிந்துகொண்டது. போன மாதம்தான் வேங்கை சேனாதிபதியின் கெண்டைக்காலைப் பதம் பார்த்திருந்தது. பிச்சாண்டியும் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் பிச்சாண்டி இல்லையே!

"நாய் என்ன மகாராஜா, புலியே ஆனாலும் என் பேச்சைக் கேட்டால் வாலைச் சுருட்டிக்கொள்ளும்" என்று எடுத்துவிட்டார்.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் பிரதானி திருவேங்கடம். பிச்சாண்டி என்றாலே அவருக்கு வேப்பங்காய். "அப்படியானால் பிச்சாண்டியிடமே ஒப்படையுங்கள் மகாராஜா. ஆனால் ஒன்று. தாங்கள் திரும்பி வந்ததும் நாய்கள் வாலாட்டிக்கொண்டு ஓடி வர வேண்டும். வராவிட்டால், இவர் பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிந்துவிடும்!"

"நல்ல பேச்சு!" என்றார் ராஜா. "என் செல்லங்கள் என்னை மறந்தால், பிச்சாண்டி, நீ இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி செண்பகம் பிடித்துக்கொண்டாள். "நாய்க்குட்டியைக் கண்டாலே உங்களுக்குத் தொடை நடுங்குமே! நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"அந்தத் தவளை நான்தான், ஒத்துக்கிறேன்."

"தவளைக்காவது தண்ணியில குதிச்சுத் தப்பிக்கத் தெரியும்" என்றாள் செண்பகம்.

ராஜா புறப்பட்டுப் போனார். முதல் சில நாள் பிச்சாண்டி கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மேலேயிருந்து கறிச்சோற்று உருண்டைகளைப் போட்டார். பிறகு பயம் மெல்லத் தெளிந்தது. நாய்களும் பழகிவிட்டன. ஆனால் ராஜாவை அவை மறக்காமல் இருக்க வேண்டுமே? யோசித்தார். சலவைக்காரரிடம் போய் ராஜாவின் வெளுக்காத அங்கவஸ்திரம் ஒன்றை வாங்கி வந்து, நாய்கள் படுக்கிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஜவ்வாது கமகமத்தது. வேங்கையும் சூறையும் தினமும் அதை முகர்ந்து வாலாட்டின.

"பார்த்தியா மூளையை!" என்று செண்பகத்திடம் மார்தட்டிக்கொண்டார். அவளோ எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டாள்.

ராஜா திரும்பினார். ஊரே கோட்டை வாசலில் கூடியது. பல்லக்கிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் பிச்சாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். நெஞ்சுவரை தாடி. உடம்பெங்கும் விபூதி. கடல் உப்பு வாடை. யாத்திரை விரதம் இருப்பவர் ஜவ்வாது பூசுவாரா? சின்னக் குழந்தைக்குத் தெரியும். இந்த மேதைக்கு அது தோன்றவே இல்லை!

"வேங்கை! சூறை! வாங்கடா கண்ணுகளா!" என்று ராஜா கையை நீட்டினார்.

இரண்டும் பல்லைக் காட்டிக் குரைத்த குரைப்பில் ராஜா பல்லக்குக்குள்ளேயே திரும்ப ஏறிவிட்டார். குரைத்து முடித்த நாய்கள் நேரே பிச்சாண்டியிடம் வந்து காலை நக்கின. பிரதானியைப் பார்த்தும் வாலாட்டின.

"பார்த்தீர்களா அக்கிரமத்தை!" என்று குதித்தார் பிரதானி. "என்னைக்கூடத் தெரிகிறது, தங்களைத் தெரியவில்லை!"

ராஜாவின் கண் சிவந்தது. கூட்டத்தில் நின்ற செண்பகம் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிச்சாண்டி தடாலென்று ராஜாவின் முன் சாஷ்டாங்கமாக விழுந்தார்.

"மகாராஜா! யாத்திரை பலித்துவிட்டது!"

"என்ன உளறுகிறாய்?"

"நாய் மூக்கு பொய் சொல்லுமா? தாங்கள் கிணறு கிணறாகத் தீர்த்தமாடி வந்திருக்கிறீர்கள். பழைய பாவம் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் வேங்கை கண்டுபிடித்திருக்கும். இது நம் பழைய ராஜா இல்லை, யாரோ மகான் என்றுதான் குரைக்கிறது. என்னைப் பாருங்கள், ஊரை விட்டு நகராதவன். சோம்பல், புளுகு, வாய்க்கொழுப்பு, எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கண்ணைக் கட்டி விட்டாலும் நாய்க்கு என்னைத் தெரியும். பிரதானியாரையும் தெரிகிறதாம். அது ஏன் என்று நான் சொல்ல மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா தாடியைத் தடவிக்கொண்டு பிரதானியின் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்கிறீர்? என் யாத்திரை பலித்ததா, இல்லையா?"

பிரதானி அவசரமாகக் கும்பிட்டார். "பலிக்காமல் இருக்குமா மகாராஜா! நன்றாகவே பலித்திருக்கிறது."

செண்பகம் மூட்டையை இறக்கி வைத்தாள்.

மறுநாள் காலையில் ராஜா தாடியை மழித்தார். பட்டு உடுத்தினார். வழக்கம்போல ஜவ்வாதை அள்ளிப் பூசிக்கொண்டு, பிரதானியை இரண்டு அதட்டு அதட்டிவிட்டு, சிம்மாசனத்தில் அமர்ந்தார். வாசலில் கட்டியிருந்த வேங்கையும் சூறையும் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. மடியில் ஏறி முகமெல்லாம் நக்கின.

ராஜாவுக்குத் தாங்கமுடியாத பூரிப்பு. "பிச்சாண்டி! பார்த்தாயா? என்னைத் தெரிந்துகொண்டுவிட்டன!"

புத்தி வேண்டாம் வேண்டாம் என்றது. வாய் கேட்டால்தானே?

"அதற்குள்ளாகவா மகாராஜா?"

பிச்சாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, மூட்டை இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ராஜா நாய்களைப் பார்த்தார். தன் பட்டைப் பார்த்தார். புறங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.